புது வெர்ஷன் ஏற்றலாமா? – கணினி கேள்வி பதில்

கேள்வி: வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். நாங்கள் மூன்று பேர், கஸ்டமர் 40 பட்டறை. டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் கட்டளை ஃபைல்களை எண் வரிசைப்படி ஓட்டித் தருகிற ஃப்ளைவே (Flyway) மென்பொருளின் 7-ஆம் பதிப்பை எங்கள் ஜாவா ப்ரோகிராமுக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறோம், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றியே ஆகவேண்டும் என்கிறார் ஒருவர், ஓடுகிறதை ஏன் தொடுகிறாய் என்கிறார் இன்னொருவர். எங்களுக்கு ஒரு தீர்ப்பு சொல்லுங்கள்.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: ஏற்றுங்கள், ஆனால் முகூர்த்த சீசனில் வேண்டாம். 7-லிருந்து நேராக இன்றைய பதிப்புக்குத் தாவினால் முதலில் இடிக்கப்போவது ஜாவா. ஃப்ளைவே 10 முதல் ஜாவா 17 கட்டாயம், பட்டறைக் கல்லாவில் இருக்கிற கம்ப்யூட்டரில் ஜாவா 8தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அடுத்தது, மைஎஸ்க்யூஎல்லுக்கான பகுதியை 8.2.1-லேயே தனி மாட்யூலாக (நாமே சேர்க்க வேண்டிய தனித் துண்டாக) பிரித்துவிட்டார்கள். அதைச் சேர்க்காமல் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றினால், நேற்றுவரை ஓடிய ப்ரோகிராம் இன்று 'எனக்கு இந்த டேட்டாபேஸே தெரியாது' என்கிற மாதிரி ஒரு எர்ரரைக் காட்டிவிட்டு நின்றுவிடும். டேட்டாபேஸில் ஒரு கோளாறும் இருக்காது, ஆனால் அந்த எர்ரரைப் பார்த்துப் பதறிப்போய் டேட்டாபேஸில் கை வைக்கிறவர்கள் நிறைய.

இவை இரண்டும் அரை நாள் வேலை. உங்கள் பழைய ஃபைல்களைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். ஃப்ளைவே ஒவ்வொரு ஃபைலையும் ஓட்டியதும் ஹிஸ்டரி டேபிளில் அதன் எண், பெயர், செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எண், உள்ளடக்கம் மாறினால் இதுவும் மாறும்) எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது. யாராவது ஓடி முடிந்த 12-ஆம் எண் ஃபைலைத் திறந்து 'சின்ன திருத்தம்தானே' என்று சேதார சதவீதத்துக்கு ஒரு தசம இடம் கூட்டியிருந்தால், செக்சம் ஒத்துப்போகாமல் 'வேலிடேட்' என்கிற சரிபார்ப்பு கமாண்ட் தோற்கும். உடனே 'ரிப்பேர்' கமாண்டைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அது டேபிளில் இருக்கிற செக்சத்தைப் புது ஃபைலுக்கு ஏற்றபடி மாற்றுமே தவிர, அந்தத் திருத்தத்தை 40 பட்டறைக்கும் கொண்டுபோகாது. பிறகு சிலரிடம் இரண்டு தசமம், சிலரிடம் மூன்று, ஹிஸ்டரியில் மட்டும் எல்லாம் சரி. உங்கள் பேட்டையில் பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் எழுதியதை அடிக்காமல் தப்புக்கு அடுத்த வரியில் திருத்தப் பதிவு போடுவார்களே, அதேதான் இங்கேயும்: 12-ஐத் தொடாமல் புது எண்ணில் புது ஃபைல்.

மைஎஸ்க்யூஎல்லில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) ஓடியதும் தானாகவே கமிட் ஆகிவிடும், அதாவது மாற்றம் நிலைத்துவிடும். ஒரே ஃபைலில் மூன்று ஆல்டர் எழுதி இரண்டாவது தோற்றால் முதலாவது அப்படியே நிற்கும், நீங்கள்தான் கையால் சரிசெய்ய வேண்டும். (போஸ்ட்கிரெஸ் என்கிற வேறு டேட்டாபேஸ் என்றால் பெரும்பாலும் மூன்றுமே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.) ஆகவே ஃபைலுக்கு ஒரு ஆல்டர் போதும். சில பட்டறைகளில் இன்னும் மைஎஸ்க்யூஎல் 5.7 இருந்தால் அதற்கு ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, புதிய ஃப்ளைவே அதை ஏற்குமா என்று முன்கூட்டியே பாருங்கள்.

செய்முறை என்றால், அதிகம் குழம்பிக் கிடக்கிற ஒரு கஸ்டமரின் பேக்கப்பை எடுத்து உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி, புதிய பதிப்பை வைத்து முதலில் வேலிடேட், பிறகு நிலவரம் காட்டுகிற 'இன்ஃபோ', அதில் பாக்கி என்று காட்டுகிற ஃபைல்கள் நீங்கள் எதிர்பார்த்தவைதானா என்று பார்த்த பிறகுதான் அவற்றை ஓட்டுகிற 'மைக்ரேட்'. அது தாண்டிவிட்டால் மற்ற 39-ம் அநேகமாகத் தாண்டிவிடும்.

கேள்வி: எங்கள் எஸ்டேட் ஆபீஸில் மிளகு எடை போடுகிற சாஃப்ட்வேரில் போன அப்டேட்டுக்குப் பிறகு கிராம் கணக்கு ஏறவில்லை, முழு கிலோதான் ஏறுகிறது. செய்து கொடுத்தவர் 'பழைய வெர்ஷனுக்கே திருப்பிவிட்டேன்' என்கிறார். ஆனால் பழைய சீட்டுகளிலும் 12.650 கிலோ 13.000 என்றே நிற்கிறது. கிராம் திரும்பி வருமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: தானாக வராது. டேபிளில் எடைக்கான நெடுவரிசையைத் தசமத்திலிருந்து முழு எண்ணாக மாற்றிய நொடியில் 12.650, 13 ஆகிவிட்டது. அதை மறுபடி தசமமாக்கினால் 13.000தான் கிடைக்கும். ப்ரோகிராமைப் பின்னால் கொண்டுபோகலாம், டேட்டாவை அப்படி முடியாது, எந்த சோர்ஸ் கன்ட்ரோல் மென்பொருளும் (மாற்றங்களைப் பதிப்பு வாரியாகக் கணக்கு வைப்பது) இந்த விஷயத்தில் உதவாது. ஃப்ளைவேயின் 'அன்டூ' வசதி உள்ள கட்டணப் பதிப்பு வாங்கியிருந்தால் தப்பித்திருப்போம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதுவும் டேபிளின் அமைப்பைத்தான் திருப்பும்.

அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். அப்டேட்டுக்கு முந்தைய பேக்கப் எங்கே, மைஎஸ்க்யூஎல் 8 என்றால் அதன் பைனரி லாக் (log, டேட்டாவில் நடந்த மாற்றங்களை வரிசையாக எழுதி வைக்கிற பதிவு) இருக்கிறதா. 8-இல் அது தானாகவே ஆன் ஆகியிருக்கும், மாற்றாமல் விட்டிருந்தால் 30 நாள் வரை நிற்கும். பேக்கப்பைத் தனி டேட்டாபேஸில் ஏற்றி (ஓடிக்கொண்டிருப்பதன் மேலே அல்ல, இதை எழுதியே கொடுங்கள்), அந்த ஆல்டருக்கு முந்தின நொடிவரை லாக்கை ஓட்டினால் பழைய எடைகள் கிராமோடு கிடைக்கும், சீட்டு எண்ணை வைத்து ஒப்பிட்டு நிரப்பிவிடலாம். அப்டேட்டுக்குப் பிறகு போட்ட எடைகளுக்கு மட்டும் காகிதச் சீட்டுதான் கதி. 30 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, இன்றே போன் போடுங்கள்.

கேள்வி: ப்ரோகிராம் ஃபைல்களின் பதிப்புகளைக் காக்கிற கிட் (Git) தெரிந்தால் போதாதா? டேட்டாபேஸ் சோர்ஸ் கன்ட்ரோல் என்று தனியாக எதற்கு?
– மாணவர், சேலம்

பதில்: கிட் ஃபைலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும், அந்த ஃபைல் எந்த சர்வரில் ஓடியது, எதில் ஓடவில்லை என்று அதற்குத் தெரியாது. அதைத்தான் ஃப்ளைவே மாதிரி மென்பொருள்கள் டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு டேபிளில் எழுதி வைக்கின்றன. இரண்டு டேபிள் அமைப்பை ஒப்பிட்டு வித்தியாசத்தைத் தானே எழுதுகிற வகையும் உண்டு, வசதிதான். ஆனால் 'கூலி' என்கிற நெடுவரிசைக்கு 'செய்கூலி' என்று பெயர் மாற்றினால், 'கூலி'யை அழித்துவிட்டு 'செய்கூலி' என்று காலியாகப் புதிதாக ஒன்று சேர்க்கலாமா என்று கேட்கும். பார்க்காமல் சரி சொன்னால் முடிந்தது கதை. முதலில் எஸ்க்யூஎல்லை (டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழி) கையால் எழுதப் பழகுங்கள்.

கேள்வி: லிக்விபேஸ் (ஃப்ளைவே மாதிரி இன்னொரு மென்பொருள்) ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது எப்போது ஓட்டினாலும் லாக்குக்காக (lock, பூட்டு) காத்திருப்பதாகவே சொல்கிறது.
– வாசகர், லீ பஜார்

பதில்: இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டாமலிருக்க அது ஒரு டேபிளில் பூட்டுப் போடும். கரண்ட் போனதில் பூட்டைத் திறக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு 'ரிலீஸ் லாக்ஸ்' கமாண்டைக் கொடுங்கள். மறுபடி ஓட்டுவதற்கு முன், கடைசி மாற்றம் பாதியில் நின்றதா என்று டேபிளைத் திறந்து கண்ணால் பாருங்கள். அப்புறம், அந்த சர்வருக்கு ஒரு யூபிஎஸ் வாங்குங்கள்.