பதின்வயது நட்பைச் சொல்லும் சுயாதீனப் படங்களில் கதை ஏன் நகர்வதே இல்லை?

நகரத்தான் செய்கிறது, ஆனால் உள்ளே. அந்த வயதில் வில்லன் வெளியில் இல்லை. ‘நான் யார்’ என்பதுதான் சண்டை. எங்கள் வேலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். வறண்ட பாலாற்று மணலில் ஒன்றாகக் கிரிக்கெட் ஆடி வளர்ந்த இருவர். பத்தாவதுக்கு அப்புறம் ஒருவன் காட்பாடிப் பக்கம் பெரிய பள்ளியில் சேர்கிறான், மற்றவன் பாலிடெக்னிக் போகிறான். அடுத்த லீவில் முதலாமவன் புது ஷூவில் மணல் படாமல் கரையிலேயே நிற்கிறான். மற்றவன் பந்தைக் கையில் உருட்டியபடி, இவன் இறங்குவானா என்று பார்க்கிறான். முழுப் படத்துக்கும் திருப்பம் அந்த ஒரு நொடிதான். வசனம் வைத்தால் கெட்டுவிடும்.

பட்ஜெட்டும் ஒரு காரணம்: புதுமுகங்கள், நிஜத் தெரு, நீளமான ஷாட். தமிழில் இது புதிதல்ல. 1979இலேயே பாலு மகேந்திரா ‘அழியாத கோலங்கள்’ படத்தில் மூன்று விடலைப் பையன்களை இப்படித்தான் பின்தொடர்ந்தார். அதிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.