ஆம்ப் போட்டதும் 'டமார்': எது இயல்பு, எது பழுது?

கேள்வி: மகள் கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். வீட்டில் பழகவும் வெள்ளிக்கிழமை பஜனைக்கு எடுத்துப் போகவும் கோலாலம்பூரில் ஒரு கடையில் பழைய கீபோர்டு ஆம்ப் ஒன்றை 750 வெள்ளிக்கு வாங்கினேன். இரண்டு மாதம் ஆகிறது. சுவிட்ச் போட்டதும் 'டமார்' என்று ஒரு சத்தம் வருகிறது. வாங்கிய புதிதில் லேசாக இருந்தது, இப்போது பக்கத்து வீடு வரை கேட்கிறது. கடைக்காரரிடம் சொன்னால், "எல்லா ஆம்பும் அப்படித்தான் அண்ணே" என்கிறார். ரசீதில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறது. நான் என்ன செய்யலாம்?
– செந்தூலிலிருந்து ஒரு தந்தை

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. சுவிட்ச் போட்டவுடன் ஆம்புக்குள் மின்னழுத்தம் சட்டென்று நிலைக்கு வந்துவிடாது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்ப வேண்டும். ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வேகத்தில் வேலைக்கு வரும். அந்தச் சிறு இடைவெளியில் ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியில் வேண்டாத மின்னழுத்தம் ஒன்று வந்து போகும், ஸ்பீக்கர் கூம்பு ஒரு தள்ளு வாங்கும். நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். இதைத் தடுக்கவே நல்ல ஆம்ப்களில் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் தானே இயங்கும் சுவிட்ச், வைத்திருப்பார்கள். போட்டு இரண்டு மூன்று நொடி கழித்து 'டிக்' என்று கேட்கும், அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கருக்கு இணைப்பு போகும். விலை குறைந்த பயிற்சி ஆம்ப்களில் பெரும்பாலும் இது இருக்காது. அவற்றில் மெல்லிய 'டப்' ஒன்று வந்தால் பழுது என்று சொல்ல முடியாது.

ஆனால் 'வாங்கிய புதிதில் லேசாக இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் முக்கியம். இயல்பான 'டப்' இன்றைக்கும் அடுத்த வருஷமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வரவரக் கூடுகிறது என்றால் உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரிலேவோ அதை இயக்கும் பகுதியோ போயிருக்கலாம், கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். நம் ஊர்ச் சூட்டில் மூடிய ஸ்டோர் அறைகளில் கிடந்த பழைய ஆம்ப்களில் இது அதிகம். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். கீபோர்டு, மைக் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். எல்லா வால்யூம் குமிழ்களையும் பூஜ்யத்தில் வையுங்கள். கால் மணி நேரம் ஆம்பை அணைத்து வைத்துவிட்டு, அப்புறம் போடுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் பிரச்சினை ஆம்பின் கடைசிப் பகுதியில், அதாவது ஸ்பீக்கரை இயக்கும் பவர் பகுதியில் இருக்கிறது. அங்கே வால்யூம் குமிழுக்கு வேலையே இல்லை. சத்தம் அடங்கிவிட்டால் உடனே ஆம்ப் மேல் பழி போடாதீர்கள், கீபோர்டிலிருந்தோ கேபிளிலிருந்தோ வரலாம், ஆம்பில் வால்யூம் குமிழுக்கு முந்தைய பகுதியிலிருந்தும் வரலாம்.

பஜனைக்கு எடுத்துப் போகிறீர்கள் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். அங்கே கீபோர்டு, மிக்சர், ஆம்ப் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகியிருக்கிறதா? முடிந்ததும் யாராவது சுவர் சுவிட்சை ஒரே தட்டாகத் தட்டி அணைக்கிறார்களா? அப்படியென்றால் ஆம்பில் இன்னும் மின்சாரம் மிச்சம் இருக்கும்போதே மிக்சர் செத்துப்போகும், அது சாகும்போது வரும் அதிர்ச்சியை ஆம்ப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். போடும்போது கீபோர்டு முதலில், பிறகு மிக்சர், ஆம்ப் கடைசி. அணைக்கும்போது ஆம்ப் முதலில். தொண்டர்களுக்கு இதை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பாதிக் கோயில்களில் 'டமார்' இதனால்தான் வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

சோதனையில் சத்தம் ஆம்பிலிருந்தே வருகிறது என்று தெரிந்தால், டார்ச் அடித்து ஸ்பீக்கர் கூம்பைப் பாருங்கள். போட்டதும் துள்ளி, உடனே பழைய இடத்துக்கு வந்துவிட்டால் ரிப்பேர் செய்யும் வரை பெரிய ஆபத்து இல்லை. ஆனால் வெளியே தள்ளி அப்படியே நின்றாலோ, 'ஊம்' என்று இரைந்தாலோ, கருகும் வாடை வந்தாலோ உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்பீக்கருக்கு நேர் மின்சாரம் (டி.சி.) பாய்ந்துகொண்டிருக்கலாம், இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் சுருள் எரிந்து ஸ்பீக்கரும் போய்விடும். டெக்னீஷியன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்: ஸ்பீக்கர் முனைகளில் சில பத்து மில்லிவோல்ட் என்றால் கவலை இல்லை, வோல்ட் கணக்கில் வந்தால் பழுது. மூடியைத் திறந்து நீங்களே பார்க்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

இப்போது கடைக்காரர் விஷயம். 'திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்த ஒரு வரி உங்கள் உரிமையை அழித்துவிடாது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், அந்தப் பொறுப்பை ரசீதில் எழுதித் தட்டிக் கழிக்க முடியாது. பழைய பொருள் என்றால் விலையையும் வயதையும் பார்த்து எதிர்பார்ப்பு குறையும், அது நியாயம்தான். ஆனால் "இந்த ஆம்ப் போடும்போது சத்தம் வரும்" என்று விற்பதற்கு முன்பே குறிப்பாகச் சொல்லியிருந்தால் அந்தக் குறையைக் காட்டி நீங்கள் பிறகு வாதாட முடியாது. சொன்னாரா என்று நன்றாக யோசித்துப் பாருங்கள்.

சொல்லவில்லை என்றால், ஆம்ப் போடும்போது கைபேசியில் ஒரு காணொளி எடுங்கள். வால்யூம் பூஜ்யத்தில் இருப்பதும் எதுவும் சொருகாமல் இருப்பதும் அதில் தெரிய வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு அனுப்பி, இத்தனை நாளுக்குள் சரிசெய்து தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நேரில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. அவர் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ, வெளியே ரிப்பேர் செய்து அந்தச் செலவைக் கேட்கலாம், அல்லது பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். திருப்பிக் கொடுக்கும் உரிமை நாள் கடக்கக் கடக்கத் தேய்ந்துபோகும், ஆகவே இந்த வாரமே எழுதுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் 'திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா', அதாவது பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம், இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கேட்பார்கள். மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன், பழைய கித்தார் ஆம்ப் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். முந்தைய ஆம்ப் அணைக்கும்போது 'பட்' என்று வெடிக்கும். அடுத்ததில் ஏமாறாமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கடைக்குப் போகிறீர்கள், ஆம்ப் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது, கித்தாரைச் சொருகினால் அருமையாகப் பாடுகிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். போடும்போது என்ன நடக்கிறது என்பதை நீங்கள் பார்க்கவே இல்லையே! அணைக்கச் சொல்லுங்கள். ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள். பிறகு உங்கள் கையாலேயே போடுங்கள். உடனே அணைத்து உடனே போட்டால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் குறையை மறைத்துவிடும், அதனால்தான் இந்த இடைவெளி. இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

போட்ட பிறகு ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்புங்கள். கரகரத்தால் பெரும்பாலும் ஈரக்காற்றில் படிந்த அழுக்குதான், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும், விலை பேச ஒரு சாக்காகவும் இருக்கும். வால்வு ஆம்பில் (கண்ணாடிக் குழாய்கள் உள்ள வகை) ஸ்டாண்ட்பை எனும் காத்திருப்பு சுவிட்சைத் தட்டும்போது சின்ன 'டப்' கேட்பது சகஜம்.

நீங்கள் சொல்லும் அணைக்கும் நேரத்து 'பட்', பெரும்பாலும் சுவிட்சின் முனைகளுக்கு இடையே பாயும் தீப்பொறி. அதை அடக்க சுவிட்சின் குறுக்கே ஒரு சின்னக் கெப்பாசிட்டர் போடுவார்கள், அது போய்விட்டால் வெடிக்கும். எக்ஸ்2 என்று முத்திரை உள்ள வகையைத்தான் அங்கே போட வேண்டும், சாதாரணக் கெப்பாசிட்டர் தீப்பிடிக்கலாம். அந்தக் கெப்பாசிட்டர் கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் சில வெள்ளிக்குள் கிடைக்கும். வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள், அது நேரடியாக வீட்டு மின்சாரம் ஓடும் இடம்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆம்ப்களும் இங்கே மலிவாகக் கிடைக்கின்றன. ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. பின்பக்கத் தகட்டில் 100 என்று போட்டிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகவே கூடாது, 'டப்' சத்தத்தோடு ஆம்பே போய்விடும். அடாப்டர் பிளக் மின்னழுத்தத்தை மாற்றாது. இரண்டு முள் பிளக்காக இருந்தால் எர்த்தும் கிடையாது, கித்தார் கம்பிகளைத் தொட்டுக்கொண்டு வாசிப்பவருக்கு எர்த் எவ்வளவு அவசியம் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா இல்லையா என்று முடிவு செய்யுங்கள்.

இணையத்தில் தனி ஆளிடம் வாங்கினால் நான் மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பு கிடைக்காது, அது வியாபாரியிடம் வாங்குபவர்களுக்கானது.

கேள்வி: சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது காக்கும் கருவி) வாங்கினால் இந்தச் சத்தம் நிற்குமா?

பதில்: நிற்காது. இடி மின்னலுக்கு அது உதவும், வாங்கி வைப்பது நல்லதுதான். ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போதெல்லாம் ஆம்பில் 'டக்' கேட்கிறது என்றால் வேறு சுற்றில் இருக்கும் பிளக்குக்கு ஆம்பை மாற்றிப் பாருங்கள், அதற்குக் காசு செலவில்லை.