கைவிடப்பட்ட பண்ணை ஓடுதளத்தில் மருத்துவ விமானம் இறங்க முடியுமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ஊர்களிலிருந்து வெகு தொலைவிலுள்ள மாட்டுப் பண்ணை ஒன்றில் என் தம்பி மேற்பார்வையாளராக இருக்கிறான். அங்கே பல ஆண்டுகளாகப் பயன்படாத மண் ஓடுதளம் ஒன்று உண்டு. அவசரத்துக்கு மருத்துவ விமானம் இறங்கும்படி அதைச் சீராக்கும் பொறுப்பை உரிமையாளர் அவனிடம் ஒப்படைத்திருக்கிறார். எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகர், குலசேகரம்

பதில்: முதல் நாளே இயந்திரத்தை இறக்கிப் புதர்களை வழிக்க வேண்டாம் என்று உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். வேரோடு பிடுங்கிய இடங்களில் குழிகள் விழும். கிளறப்பட்ட சரளைக் கற்கள் விமானத்தின் சுழலிகளைச் சிதைக்கும். அதற்கு முன் ஓடுதளத்தின் இரு முனைகளிலும், இங்கே இறங்கக்கூடாது என்று விமானிக்கு உணர்த்தும் பெரிய வெள்ளைப் பெருக்கல் குறியை இட வேண்டும். பழைய வரைபடத்தை நம்பி, இயந்திரக் கோளாறுடன் வரும் விமானி ஒருவர் அங்கே இறங்க முயலக்கூடும் என்பதால், இதை நான் மிக அவசரமான வேலையாகக் கருதுகிறேன்.

பிறகு முழு நீளத்தையும் நடந்தே பார்க்க வேண்டும். கறையான் புற்றுகள், மழைநீர் அரித்த ஓடைகள், விலங்குகள் தோண்டிய வளைகள், ஓடுதளம் கைவிடப்பட்ட பின் குறுக்கே போடப்பட்ட கம்பிவேலி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளட்டும். தரை மேலே காய்ந்து அடியில் பொசுபொசுவென்று இருக்கலாம். கடப்பாரையால் பல இடங்களில் குத்திப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

முனைகளுக்கு அப்பாலுள்ள வான்வெளி தரையைப் போலவே முக்கியமானது. பகலில் இறங்குவதற்கு, முனையிலிருந்து ஒவ்வொரு 20 மீட்டர் தூரத்துக்கும் 1 மீட்டர் என உயரும் சாய்கோட்டுக்கு மேல் எந்தத் தடையும் இருக்கலாகாது. மரத்தைவிட மின்கம்பியே என்னை அஞ்ச வைக்கிறது. நம் மாவட்டத்தில் மின்பாதை என்றால் பல கம்பிகள் சேர்ந்து ஓடுவதைத்தான் பார்த்திருக்கிறோம்; குயின்ஸ்லாந்தின் உட்பகுதிகளிலோ ஒற்றைக் கம்பி மின்பாதைகள் பரவலாக உள்ளன. கம்பங்களுக்கிடையே நூற்றுக்கணக்கான மீட்டர் இடைவெளி இருப்பதால், மேலிருந்து வரும் விமானியின் கண்ணுக்கு அந்தக் கம்பி எளிதில் தென்படாது.

குறைகளைச் சரிசெய்த பிறகு, விறைப்பான ஸ்பிரிங் உள்ள வண்டி ஒன்றை மணிக்கு 75 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் ஓடுதளத்தில் ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பவர்களுக்குச் சிரமமில்லையென்றால் தளத்தின் சமன் ஏற்கத்தக்கது என்பது ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் பழைய வழிகாட்டி தந்த எளிய சோதனை. முன்னதாகவே, காற்றின் திசையையும் வேகத்தையும் விமானிக்குக் காட்டும் துணிக்குழலான காற்றுப்பை ஒன்றைக் கம்பத்தில் கட்டிவிட வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றவர்களுக்குக் காற்றின் வேகம் புரியும். அந்த வேகம் பக்கவாட்டில் தாக்கினால் சிறு விமானம் பாதையை விட்டு விலகும்.

இத்தனையும் முடிந்தாலும் அங்கே இறங்கலாமா என்பதை உங்கள் தம்பியோ உரிமையாளரோ தீர்மானிக்க முடியாது. 1928-இல் அதே குயின்ஸ்லாந்தின் குளோன்கரியில் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவையின் அருகிலுள்ள தளத்துக்கு ஓடுதளத்தின் நீளம், அகலம், திசை, கடல் மட்ட உயரம், புகைப்படங்கள் ஆகியவற்றை இப்போதே அனுப்பி, அவர்களின் ஒப்புதலைப் பெற்ற பிறகே வெள்ளைக் குறியை அகற்ற வேண்டும். அதிக வெப்பத்தில் விமானம் மேலெழக் கூடுதல் நீளம் தேவைப்படும் என்பதால், கோடை மதிய வெப்பநிலையையும் அதில் குறிப்பிடட்டும். மழை பெய்த பின் தளம் முழுவதும் உலரும்வரை எந்த வண்டியும் அதன்மேல் ஏறக்கூடாது என்று பண்ணையாட்கள் அனைவரிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைக்கட்டும்; ஈரத்தில் பதிந்த டயர் தடம் காய்ந்தபின் கல்லாக இறுகிவிடும்.