கடிதத்தை முழுவதும் வாசியுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காலையில் வேதாகமத்தைத் திறந்து, கண்ணில் படும் வசனத்தை அன்றைய வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்வது என் பல வருடப் பழக்கம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் ஊர் திரும்ப வேண்டும் என்று ஜெபித்த நாளில், தேவன் நம்மேல் வைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்று சொல்லும் எரேமியா 29:11 கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் ஆகியும் அவன் வரவில்லை. வேலை ஒப்பந்தத்தையும் நீட்டித்துவிட்டான். வசனத்தை நான் தவறாகப் புரிந்துகொண்டேனா?
– ஒரு தாய், காரைக்குடி

பதில்: அம்மா, உங்கள் ஜெபத்தில் தவறில்லை. அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி என்பதுதான் கவனத்திலிருந்து நழுவிவிட்டது. பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வரும் கடிதத்துக்காக வீட்டுப் பெண்கள் மாதக்கணக்கில் காத்திருந்த ஊர் நம்முடையது. வந்த கடிதத்தில் நடு வரி ஒன்றை மட்டும் படித்துவிட்டு யாரும் மடித்து வைத்திருக்க மாட்டார்கள்.

கி.மு. 597-ல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமின் அரசனையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் சிறைபிடித்துக் கொண்டுபோனான். அப்படிப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதமே அவர் புத்தகத்தின் 29-ஆம் அதிகாரம். அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டுகளில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். கேட்டவர்களுக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியாவோ, எழுபது ஆண்டுகள் ஆகும், அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள், நீங்கள் போயிருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதினார். நீங்கள் பிடித்துக்கொண்ட நல்ல நினைவுகள் இதற்குப் பிறகே வருகின்றன. ஆகவே அவை சீக்கிரம் திரும்புவதைப் பற்றிய வாக்குறுதி அல்ல. திரும்பத் தாமதமாகும் காலத்திலும் தேவன் தம் மக்களை மறக்கவில்லை என்னும் வாக்குறுதி. உங்களுக்கு இது முன்னதைவிடப் பெரிய ஆறுதல் என்றே நான் நினைக்கிறேன்.

அன்றாட வாழ்வுக்கான பாடம் ஏழாம் வசனத்தில் இருக்கிறது. மகன் வாழும் அந்த ஊருக்காகவும், அவன் அறையில் உடன் தங்கியிருப்பவர்களுக்காகவும் இன்றிரவே ஜெபியுங்கள். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, “எப்போது வருகிறாய்?” என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அங்கே எந்தச் சபைக்குப் போகிறான், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று கேளுங்கள். திறந்த பக்கத்தில் வசனம் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு ஒரு புத்தகத்தை முதலிலிருந்து வரிசையாக வாசிக்கத் தொடங்குங்கள். இதை யார், யாருக்கு, எந்த நிலைமையில் சொன்னார் என்பது தெளிந்த பிறகு, எனக்கு என்ன சொல்கிறது என்று கேட்டால் போதும்.

கேள்வி: ஆண்டுதோறும் ஆதியாகமத்தில் தொடங்குகிறேன், லேவியராகமம் வந்ததும் வாசிப்பு நின்றுவிடுகிறது. பலிகளும் தோல் நோய்களும், தரைக்கல் (டைல்ஸ்) பட்டறை நடத்தும் எனக்கு எதைக் கற்றுத்தர முடியும்?
– ஒரு வாசகர், ஆத்தங்குடி

பதில்: ஐயா, பலிகளைப் பற்றிய அதிகாரங்களிலிருந்து தொழிலுக்கான அறிவுரையைப் பிழிந்தெடுக்க முயல வேண்டாம். அவற்றை எபிரெயருக்கு எழுதின நிருபத்தோடு சேர்த்து வாசித்தால்தான் பொருள் விளங்கும். ஆனால் 19-ஆம் அதிகாரம் உங்கள் பட்டறை வாசலுக்கே வருகிறது. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் தங்கியிருக்கக் கூடாது என்கிறது அதன் 13-ஆம் வசனம். உபாகமம் 24-ஆம் அதிகாரம் இன்னும் நெருங்கி வந்து, பொழுது போகுமுன் கொடுத்துவிடு, அவன் ஏழை, அந்தக் கூலியின்மேலேயே அவன் மனம் இருக்கிறது என்று காரணத்தையும் சொல்கிறது. தன் நாட்டானுக்கு மட்டுமன்றி, வந்து தங்கியிருக்கும் அந்நியனுக்கும் அதே நியாயத்தை வைக்கிறது. கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுகிறவர் உள்ளூர்க்காரராக இருந்தாலும் வடமாநிலத்திலிருந்து வந்தவராக இருந்தாலும் இந்த வசனம் அவருக்காகப் பேசுகிறது. வாரக் கூலி என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தால் அதில் குற்றமில்லை. கல் வாங்கியவர் பணம் தரவில்லை என்பதைக் காரணம் காட்டிச் சனிக்கிழமையைத் திங்கட்கிழமையாக்குவதைத்தான் வேதம் அநியாயம் என்கிறது. உங்களுடைய நட்டத்தை உங்களைவிட எளியவர் தலையில் இறக்கிவைப்பதல்லவா அது?

மத்தேயு 20-ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்ட உவமையையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி மணி வேளையில் வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்த அந்த எஜமானின் தயாளத்தைப் பற்றி நிறையப் பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். சாயங்காலமானதும் கூலி கொடு என்று அவர் தம் காரியக்காரனிடம் சொல்கிறாரே, அது லேவியராகமத்துச் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்த சொல். கடமையைத் தவறாமல் செய்கிற கைதான் அங்கே தயாளமும் காட்டுகிறது.

கேள்வி: குடும்ப ஜெபத்தில் யாக்கோபின் கதையை வாசித்தோம். “அப்பாவை ஏமாற்றினால் ஆசீர்வாதம் கிடைக்குமா, அப்பத்தா?” என்று பேரன் கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை.
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: பேரன் நன்றாகக் கேட்டிருக்கிறான், அவனை அடக்காமல் மேற்கொண்டு வாசிக்கச் செய்யுங்கள். வேதம் ஒரு செயலைச் சொல்வதாலேயே அதை மெச்சுகிறது என்று ஆகிவிடாது. அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தைப் பெற ஆட்டுக்குட்டித் தோலைக் கைகளில் போர்த்துத் தகப்பனை ஏமாற்றிய யாக்கோபை, மாமன் லாபான் பெண்ணை மாற்றிக் கொடுத்து ஏமாற்றினான். பின்பு யாக்கோபின் பிள்ளைகளே, தம்பி யோசேப்பு இறந்துவிட்டான் என்று அவனை நம்பவைக்க, யோசேப்பின் அங்கியை வெள்ளாட்டுக் கடாவின் இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து காட்டினார்கள். கொஞ்ச நாள் போய் இருந்துவிட்டு வா என்று தாய் ரெபெக்காள் அனுப்பிய மகன் யாக்கோபு லாபானிடத்தில் இருபது ஆண்டுகள் உழைத்தான். தாயும் மகனும் மறுபடி சந்தித்ததாக வேதத்தில் ஒரு வரியும் இல்லை. ஆசீர்வாதம் தேவனுடைய கிருபையால் வந்தது, பொய்யின் பலனோ தனியாக வந்து சேர்ந்தது என்று பேரனிடம் சொல்லுங்கள். கதை நீளம்தான், ஆதியாகமம் 27 முதல் 37 வரை ஒரு வாரத்துக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

கேள்வி: விடியுமுன் அடுப்பு மூட்டும் பலகாரத் தொழில் என்னுடையது. வாசிக்க நேரமே இல்லை.
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: சகோதரி, தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715-ல்தான். அதற்கு முன்னும், அதற்குப் பின் வெகுகாலமும், வேதத்தைக் காதால் கேட்டே வாழ்ந்த விசுவாசிகள்தாம் மிகுதி. வெளிப்படுத்தின விசேஷத்தின் தொடக்கத்தில்கூட, வாசிக்கிறவர் ஒருவர், கேட்கிறவர்கள் பலர். நீங்கள் கைமுறுக்குச் சுற்றும் நேரத்தில் உங்கள் பிள்ளைகளில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கட்டும். மாற்கு சுவிசேஷத்துக்குப் பதினாறு அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று என்றால் பதினாறு நாள்.