எங்க ஊர் ஏரிக்கு என்ன செய்யலாம்? வட ஆற்காட்டுக் கேள்விகளும் பதில்களும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் ஏரிச் சங்கம் நடத்துகிறவர்களும் தொடங்கப்போகிறவர்களும் கேட்டவை இவை. ஏரி வேலை அறிந்த சங்க உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.

காட்பாடி, ஆசிரியை: ஐயா, ஞாயிறுதோறும் 25, 30 பேர் வரத் தயார். ஏரியைத் தூர்வாருவதா, கரையில் மரம் நடுவதா, எதை முதலில் எடுக்கலாம்?

இரண்டையும் தள்ளி வையுங்கள் அம்மா. முதலில் வரத்துக் கால்வாய். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். ஏரிக்குத் தண்ணீர் தரும் நிலப்பரப்பு 2 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மழையில் 50 மி.மீ. பெய்தால் அந்தப் பரப்பில் விழுவது 1 லட்சம் கன மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தாலே 20,000 கன மீட்டர், அதாவது 2 கோடி லிட்டர். கால்வாய் அடைத்திருந்தால் அத்தனையும் வேறு பக்கம் போய்விடும். அதே கொள்ளளவைத் தோண்டி உண்டாக்க வேண்டுமென்றால் 16 ஏக்கரை ஓர் அடி ஆழம் வெட்டியாக வேண்டும். ஏக்கருக்கு 400 டிராக்டர் லோடுக்குமேல் மண் வரும். கால்வாயில் ஒரே ஒரு அடைப்பை எடுப்பது அதற்கு ஈடு.

காவேரிப்பாக்கம் ஏரியைப் பாருங்கள். அவ்வளவு பெரிய ஏரிக்கு உயிர், வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்து வருகிற கால்வாய்தான். நம் ஊர்ச் சிறிய ஏரிகளுக்குக் கானாறும் மலையடிவார ஓடையும் அந்த வேலையைச் செய்கின்றன.

பள்ளிகொண்டா: கால்வாய் இருந்த இடமே தெரியவில்லை. சிலர் வீடு கட்டிவிட்டார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

கிராம வரைபடத்தையும், சம்பந்தப்பட்ட சர்வே எண்களின் புலப்படத்தையும் (நிலத்தின் எல்லை, அளவு காட்டும் படம்) வாங்குங்கள். வி.ஏ.ஓ.விடம் நிலத்தின் வகையை எழுதி வைத்திருக்கும் அ-பதிவேட்டைப் பார்த்து, எந்தெந்த எண் "ஓடை", "வாய்க்கால்", "ஏரி புறம்போக்கு" என்று பதிவாகியிருக்கிறது எனக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஏரியிலிருந்து மேல்நோக்கி நடந்து ஒவ்வொரு எண்ணிலும் படம் எடுங்கள். மழை பெய்து நின்ற அரை மணிக்குள் நடந்தால் தண்ணீரே வழி காட்டும். காய்ந்த நாளில் பத்து முறை நடந்தாலும் அது தெரியாது.

ஆக்கிரமிப்பை நீங்களே இடிக்கப் போகாதீர்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரிப் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்குக் கீழே உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டது நீர்வளத்துறையின் பொறுப்பு. யாருடையது என்று உறுதி செய்துகொண்டு, சர்வே எண்ணோடு அளவீடு கோரி மனு கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ரசீது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நீர்வளத்துறை (அன்றைய பொதுப்பணித்துறை) ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்றவே 2007-இல் போட்ட தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஏரி அந்தத் துறையுடையது என்றால் மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். "ஏரியைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் எழுதிய மனு எந்த மேஜையிலும் நகராது.

அணைக்கட்டு, கல்லூரி மாணவர்: கால்வாய் வெட்டும்போது என்ன தவறு நடக்கும் அண்ணா?

மட்டம் பார்க்காமல் வெட்டுவதுதான் தம்பி. ஆள் அதிகமாக நின்ற இடம் பள்ளமாகும், அடுத்த இடம் மேடாகும், தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கும். கொத்தனாரிடம் இருக்கும் லெவல் டியூப், மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பும் குழாய், போதும். 10 மீட்டருக்கு ஒரு முளை அடித்து மட்டத்தைக் குறியுங்கள். வேலையைக் கால்வாய் ஏரியில் சேரும் இடத்தில் தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். தேங்கின தண்ணீர் வடிய வழி கிடைக்கும். அள்ளிய மண்ணைக் கால்வாய் விளிம்பிலேயே குவித்தால் முதல் மழையில் திரும்ப உள்ளே வந்துவிடும். குறைந்தது மூன்றடி தள்ளிப் போடுங்கள்.

ஆள் கணக்கும் தெரிந்திருக்கட்டும். மூன்றடி அகலக் கால்வாயில் அரை அடி படிவு என்றால் 100 மீட்டருக்குச் சுமார் 13, 14 கன மீட்டர் மண். பழக்கமில்லாதவர் மூன்று மணி நேரத்தில் அரை கன மீட்டர் அள்ளினால் பெரிது. ஆக 100 மீட்டர் என்பது 27 பேரின் ஒரு காலை. இதைத் தெரியாமல் ஒரே நாளில் ஒரு கிலோமீட்டர் என்று அறிவித்தால் அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

ஒடுகத்தூர், விவசாயி: கரையில வேலிகாத்தான், அதான் சீமைக் கருவேலம், அடர்ந்து கிடக்கு. ஜே.சி.பி. விட்டுப் பிடுங்கலாமா?

ஏரி உள்வாயில் (தண்ணீர் நிற்கும் பரப்பில்) விடலாம், கரையில் கூடாது. வேரோடு பிடுங்கினால் கரையில் குழி விழும். வேர் அறுந்து உள்ளே தங்கி மக்கினால் அந்தத் தடமே தண்ணீருக்குக் குழாயாகிவிடும். கரையில் இருப்பதைக் கடப்பாறையால் சுற்றித் தோண்டி, தரைக்குக் கீழே ஓர் அடி வரை வேர்க்கட்டையை எடுங்கள். குழியில் ஈரக் களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திம்மிசுக் கட்டையால் இடித்த பிறகே அடுத்தது. மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் மிதித்தால் பயனில்லை. கட்டை பெரிதாக இருந்து தோண்டினால் கரையே கலையும் என்றால் தரைமட்டமாக வெட்டி, மாதம் ஒருமுறை துளிரைத் தட்டிக்கொண்டே இருங்கள்.

உள்வாயில் மண் ஈரமாக இருக்கும்போதுதான் வேர் முழுசாக வரும். காய்ந்த மண்ணில் அறுந்து, பத்துக் கிளையாகத் துளிர்க்கும். நெற்று முற்றி விழுவதற்கு முன்னால் வேலையை முடியுங்கள். ஆடு மாடு நெற்றைத் தின்றால் சாணத்தோடு விதை ஊரெல்லாம் பரவும்.

வாலாஜா: வண்டல் எடுக்க அனுமதி வாங்கியவர்கள் கிராவலையும் அள்ளுகிறார்கள். எப்படித் தடுப்பது?

2024 முதல் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக எடுக்கலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. டிராக்டர் கணக்கில் 25 லோடு, 30 லோடு. ஏரியில் நின்று லோடை எண்ணி, தேதியோடு நோட்டில் எழுதினாலே பாதி பிரச்சினை அடங்கும். வண்டல், ஈரத்தில் உருட்டினால் திரியாக வரும். கையில் கரகரவென்று உதிர்ந்து சிவந்த பரல் தெரிந்தால் அது கிராவல். அந்த மட்டம் வந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீரைத் தாங்கி நிற்கும் களிமண் படுகையைக் குத்திவிட்டால் ஏரி ஒழுகிக்கொண்டே இருக்கும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டுவதும் பாசனத்துக்கு உதவாது. கரையின் அடியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளியே வெட்ட வேண்டும், ஓரங்கள் சரிவாக இருக்க வேண்டும். செங்குத்துக் குழி, ஏரி நிறைந்ததும் கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகள் அதில்தான் மூழ்கிப் போய்விடுகிறார்கள். இந்த விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆம்பூர், இல்லத்தரசி: ஆகாயத்தாமரையை அள்ளி அள்ளி ஓய்ந்துவிட்டோம். உரமாவது ஆக்கலாமா ஐயா?

சாக்கடை வந்து விழுகிற வரை அது வளரும் அம்மா. நல்ல சத்து கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். ஏரியில் பாதியை அள்ளி நிறுத்தினால் அதே இரண்டு வாரத்தில் பழைய நிலை. ஆகவே கயிறு கட்டித் தடுப்புப் போட்டு, ஒரு மூலையை முழுசாகச் சுத்தம் செய்து, அதைக் காத்துக்கொண்டு அடுத்த மூலைக்குப் போங்கள். பூப்பதற்கு முன்னால் எடுங்கள். விதை சேற்றில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். எடை பெரும்பாலும் தண்ணீர்தான். கரையில் இரண்டு நாள் காயவிட்டு வண்டியில் ஏற்றினால் கூலி மிச்சம்.

உரம் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். தோல் பதனிடும் கழிவு கலந்த நீரில் வளர்ந்தது குரோமியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும். பரிசோதிக்காமல் காய்கறி, கீரைக்குப் போடவே கூடாது. சுத்தமான ஏரியில் எடுத்தது என்றால் சாணத்தோடு அடுக்கி மக்க வைக்கலாம்.

சோளிங்கர்: ஐப்பசி மழையில் கரைக்கு வெளிப்பக்கம் தண்ணீர் கசிகிறது. அடைத்துவிடலாமா?

முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டு இருக்கலாம். கலங்கலாக, மண்ணோடு வந்தால் கரை உள்ளே அரிக்கிறது. அந்த நிமிடமே அதிகாரிகளுக்கும் கீழே குடியிருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

வெளிப்பக்கம் அடைப்பது பெரிய தவறு. உள்ளே அழுத்தம் ஏறி வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டையால் கிணற்று உறைபோல வட்டமாகக் கட்டுங்கள். உள்ளே தண்ணீர் ஏற ஏற எதிரழுத்தம் கிடைத்து வேகம் குறையும். தெளிந்த நீர் வழிய ஒரு வாய் விடுங்கள். தண்ணீரை நிறுத்துவது நோக்கமல்ல, மண் போகாமல் காப்பதுதான். வட்டத்துக்குள் முதலில் மணல், மேலே சல்லி போட்டால் மண் வடிகட்டப்படும். மூட்டையைப் பாதிக்குச் சற்று மேலே மட்டும் நிரப்புங்கள். முழுசாக நிரப்பினது உருண்டையாக நிற்கும், இடுக்கில் தண்ணீர் ஓடும்.

உள்பக்கத்தில் நண்டு வளையோ எலி வளையோ தெரிந்தால் அங்கேதான் களிமண் அடைக்க வேண்டும். இரவில் தனியாக யாரும் கரைக்குப் போகக் கூடாது. இருவர், டார்ச், இடுப்பில் கயிறு, முழங்கால் பூட்ஸ்.

அதே ஊர், இன்னொருவர்: கோடி மேல, அதான் ஏரி நிறைஞ்சா உபரித் தண்ணி வழியுற இடத்து மேல, மூட்டை அடுக்கினா கூட ஒரு அடி தண்ணி நிக்குமே?

நிற்கும். கரையும் உடையும். கோடிக்கும் கரை உச்சிக்கும் இடையே உள்ள உயரம் வெள்ளத்துக்காக விட்டது, சேமிப்புக்காக அல்ல. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்ததுபோல் வெள்ளம் வந்தால் அந்த ஓர் அடிதான் ஊரைக் காப்பாற்றும்.

குடியாத்தம்: மதகு ஷட்டர் ஒழுகுது. துணி திணிச்சோம், நிக்கல.

துணியை எடுத்துவிடுங்கள், அது சிக்கி ஷட்டரே இறங்காமல் போகும். ஏரிப் பக்கம் ஷட்டருக்கு முன்னால் சாம்பலையோ மரத்தூளையோ கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். இழுவையில் இடுக்கில் போய் உட்காரும். கோடையில் ஏரி காய்ந்ததும் ரப்பர் பட்டையை மாற்றச் சொல்லி, திருகுத் தண்டுக்குக் கிரீஸ் போடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை போட்டால் போதும்.

திருவலம்: பனை விதை எங்கே நடுவது?

கரையின் வெளிச்சரிவு அடியிலும் கால்வாய் ஓரத்திலும், 10 அடிக்கு ஒன்று, அரையடி ஆழம். கரை உச்சியிலும் உள்சரிவிலும் வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் நடுங்கள். மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது, கீழே கிழங்கு இறங்கிக்கொண்டிருக்கும். முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்த்துக் கெடுப்பவர்கள்தான் அதிகம்.

ராணிப்பேட்டை: முதல் மழைக்கு மறுநாள் காலையில் மீன் செத்து மிதந்தது. விஷமா?

விஷமாகவும் இருக்கலாம். ஆனால் முதல் மழை தெருக்கழிவையெல்லாம் அடித்து வந்து போட்டதும் ஆக்சிஜன் விழுந்துவிடும். விடியற்காலையில் அது மிகக் குறைவு. சாவதற்கு முன்னால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருந்தால் பெரும்பாலும் இதுதான். எதுவானாலும் வெயில் ஏறுமுன் சுத்தமான பாட்டிலில் தண்ணீர் எடுத்து, நேரம் எழுதி, ஐஸில் வைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுங்கள். மதியம் எடுத்த தண்ணீர் உண்மையைச் சொல்லாது.

வேலூர்: மழை இல்லாத மாதங்களில் சங்கத்துக்கு என்ன வேலை?

மதகுச் சுவரில் அடிக்கு ஒரு கோடு பெயிண்ட் அடித்து, ஞாயிறுதோறும் நீர்மட்டத்தை எழுதுங்கள். மழை இல்லாத நாளில் ஒரு நாளைக்கு 1 செ.மீ.க்குக் கீழே குறைந்தால் பெரும்பாலும் வெயில் குடிப்பது. மதகு மூடியிருந்தும் 2 செ.மீ.க்கு மேல் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, தேடுங்கள். பங்குனி முதல் ஆனி வரை வண்டல், மதகு வேலை. ஆடி, ஆவணியில் கால்வாய். நம் பக்கம் தென்மேற்கு மழையும் கணிசமாகப் பெய்யும், ஐப்பசி வரை காத்திருக்காதீர்கள். சங்கத்தைப் பதிவு செய்ய 7 பேர் போதும். அந்த நீர்மட்ட நோட்டையும் லோடு நோட்டையும் மட்டும் ஒரே ஆள் வீட்டில் வைக்காமல் பிரதி எடுத்து இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.