பாதி ஆண்டு எங்கே போகிறது?

கேள்வி: பல்கலைக்கழகங்களில் பருவத் தொடக்க விழா, பருவ முடிவுக் கொண்டாட்டம், ஒரு பருவத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட விடுமுறை என்று பாதி ஆண்டு வீணாகிறது. இதையெல்லாம் நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு மாதமும் பாடம் நடத்தினால் மூன்றாண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் முடிக்கலாமே?

பதில்: மூன்று வரிக் கேள்வியில் மூன்று முறை 'பருவம்' வந்துவிட்டது. முதலில் அதைப் பேசிவிடுவோம். செமஸ்டர் என்பது லத்தீனில் 'ஆறு மாதம்' என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. வெறும் கணக்கு. அதைத் தமிழில் 'பருவம்' ஆக்கியவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு மாலை போட வேண்டும். 'அரையாண்டு என்பதுதான் சரியான மொழிபெயர்ப்பு' என்று ஒரு வாசகர் இந்தப் பக்கத்திலேயே என்னோடு மல்லுக்கு நின்றார். அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன்: அரையாண்டு என்றால் நாள்காட்டியில் எண்ணிவிடலாம். பருவத்தை அப்படி எண்ண முடியாது, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளைத்தமிழில் குழந்தைக்குப் பத்துப் பருவம் வைத்தார்கள். தலை நிமிர்த்தி ஆடினால் செங்கீரை, இரண்டு கையையும் தட்டினால் சப்பாணி, நடந்து வந்தால் வருகை. இப்படிப் பல பருவங்களுக்குப் பெயர் வந்தது பிள்ளை என்ன செய்கிறது என்பதை வைத்து. மழைக்கும் பயிருக்கும்கூட நாம் அப்படித்தான் பேசுகிறோம். மாதம் பிறந்துவிட்டது என்பதற்காக யாரும் பருவம் வந்துவிட்டது என்று சொல்வதில்லை.

பல்கலைக்கழகத்தின் ஆண்டும் இப்படிப்பட்டதுதான். முதல் வாரத்தில் வகுப்பறை எது என்று தேடி அலைவது ஒரு பருவம். தேர்வுக்கு முந்தைய நாட்களில் நூலகத்தில் இரவெல்லாம் விளக்கு எரிவது ஒரு பருவம். கடைசித் தாளை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் வெயிலில் நிற்கும் அந்த அரைமணி நேரமும் ஒரு பருவம்தான். கேம்பிரிட்ஜில் 'மே வாரம்' என்று ஒரு கொண்டாட்டம் இருக்கிறது. அது நடப்பது ஜூன் மாதத்தில்! ஒரு காலத்தில் மே மாதம், தேர்வுக்கு முன்னால் நடந்தது. பிறகு தேர்வு முடிந்த பின் வைத்துக்கொள்வோம் என்று ஜூனுக்குத் தள்ளினார்கள், பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள். மாதம் மாறியது அவர்களுக்குப் பொருட்டாகவே இல்லை. தேர்வுச் சுமை இறங்கிய பிறகு எல்லோரும் ஒன்றுகூட வேண்டும், அதுதான் அவர்களுக்கு முக்கியம்.

சரி, பாதி ஆண்டு வீண் என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். ஆக்ஸ்போர்டில் ஆண்டுக்கு மூன்று பருவம்: மைக்கேல்மஸ், ஹிலரி, டிரினிட்டி. ஒவ்வொன்றிலும் முழுவீச்சாகப் பாடம் நடப்பது 8 வாரம். மூன்றும் சேர்த்து 24. உங்கள் கணக்குப்படி மீதி 28 வாரமும் வீண். ஆனால் பருவம் தொடங்கியதும் மாணவர்களைக் கல்லூரியில் உட்காரவைத்து 'கலெக்‌ஷன்ஸ்' என்று ஒரு தேர்வு வைப்பார்கள். கேட்கப்படுவது போன பருவத்துப் பாடம். அதை எப்போது படித்திருப்பார்கள்? அந்த 'வீணான' வாரங்களில்தான். ஜெர்மனியில் இன்னும் தெளிவாக இருக்கிறார்கள். அங்கே குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, கோடைப் பருவம் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. ஏட்டில் இடைவெளியே கிடையாது. பாடம் இல்லாத வாரங்களை 'விரிவுரையற்ற காலம்' என்றுதான் எழுதுகிறார்கள். மாணவர்கள் கட்டுரைகளை எழுதி முடிப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டு ஆய்வில் இறங்க ஆசிரியர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரும் 'சபாட்டிகல்' விடுப்பையும் இங்கே சொல்ல வேண்டும். ஹார்வர்ட் 1880இல் தொடங்கிவைத்தது. ஏழாவது ஆண்டு நிலத்தைத் தரிசாகப் போட வேண்டும் என்ற பழைய யூத விதியிலிருந்து வந்த பெயர். தரிசு போட்ட நிலத்தைப் பார்த்து எந்த விவசாயியும் வீண் என்று சொல்லமாட்டார்.

அப்புறம், இந்த ஆண்டு ஒழுங்கை நினைத்தபடி மாற்றிவிட முடியுமா என்றும் பாருங்கள். ஜப்பானில் ஒரு காலத்தில் பல்கலைக்கழகங்கள் செப்டம்பரில்தான் தொடங்கின. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகம் 1921இல் ஏப்ரலுக்கு மாறியது. ஏப்ரல் என்றால் செர்ரி பூக்கும் காலம். நுழைவுத் தேர்வு முடிவைத் தந்தியில் தெரிவித்த நாட்களில், தேறியவருக்கு 'செர்ரி பூத்தது' என்று போகும், தேறாதவருக்கு 'செர்ரி உதிர்ந்தது'. இதைவிட மென்மையாகத் தோல்வியைச் சொன்ன தந்தி எதையும் நான் அறியேன். உலகத்தோடு ஒத்துப்போக மறுபடி இலையுதிர் காலத்துக்கே மாறலாம் என்று 2012இல் டோக்கியோ பல்கலைக்கழகம் முயன்று, பிறகு ஒத்திவைத்தது. 2020இல் கொரோனா சமயத்தில் அரசாங்கமே செப்டம்பர் தொடக்கத்தைப் பேசிப் பார்த்துக் கைவிட்டது. பள்ளிகள் ஏப்ரல், நிறுவனங்கள் புதியவர்களை வேலைக்குச் சேர்ப்பதும் ஏப்ரல். ஒரு நூலை இழுத்தால் மொத்தத் துணியும் கூடவே வருகிறது.

விழாக்களை நிறுத்தச் சொன்னது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஸ்வீடனின் உப்சாலாவில் குளிர்காலம் நீளமானது, பிற்பகலிலேயே இருட்டிவிடும். ஏப்ரல் 30 அன்று மாணவர்கள் பல்கலைக்கழக நூலகத்தின் கீழே திரண்டு நிற்பார்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பல்கலைக்கழகத் தலைவர் மேலிருந்து வெள்ளைத் தொப்பியை அசைப்பார். அத்தனை பேரும் தங்கள் வெள்ளைத் தொப்பியை எடுத்து அணிவார்கள். வசந்தம் வந்தாயிற்று! முதலாண்டுப் பிள்ளையும் படித்து முடித்து நாற்பது ஆண்டு ஆனவரும் ஒரே கூட்டத்தில் நிற்பார்கள். தங்களுக்கு முன்னும் பின்னும் ஆட்கள் உண்டு என்பது மாணவர்களுக்கு அங்கேதான் தெரிகிறது. இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் வீட்டை விட்டுத் தனியாக வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது வேண்டும்.

இரண்டே ஆண்டு என்று கேட்டீர்களே, அந்த யோசனையும் புதிதில்லை. 1892இல் சிகாகோ பல்கலைக்கழகம் தொடங்கியபோதே அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் ஆண்டை நான்கு காலாண்டாகப் பிரித்துக் கோடையிலும் பாடம் நடத்த ஏற்பாடு செய்தார். ஆனால் நான்கிலும் படித்தாக வேண்டும் என்று யாரையும் அவர் கட்டாயப்படுத்தவில்லை. எந்தக் காலாண்டில் ஓய்வு என்பதை மாணவரே முடிவு செய்யலாம். குடும்பச் சுமையால் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு அந்த வழி திறந்திருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நீங்கள் கேட்பதோ எல்லோருக்கும், பன்னிரண்டு மாதமும். அதில் நான் உங்கள் கட்சி இல்லை.