மறுவாழ்வு மையத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. பத்து வருடமாகத் தினமும் குடிக்கிறான். காலையில் கை நடுங்குகிறது, ஒரு வாய் ஊற்றினால்தான் நிற்கிறது. இப்போது அவனே சிகிச்சைக்கு வருகிறேன் என்கிறான். ஒரு மையத்தில் 90 நாளுக்கான பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டிவிடவா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். கட்டில் வாடகையிலேயே கைப்பணம் முழுக்கக் கரைந்து, தம்பி வீட்டுக்கு வந்தபின் மருந்துக்கு ஒன்றும் மிஞ்சாத குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

காலையில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது. இந்த நிலையில் வீட்டிலேயே திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள். கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். ஆகவே முதல் செலவு இதற்குத்தான்: மருத்துவர், இரவிலும் விழித்திருக்கும் நர்ஸ், நடுக்கத்தை அடக்கிப் படிப்படியாகக் குறைக்கும் மாத்திரை, தயமின் என்ற பி1 ஊசி. பெரும்பாலும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். மனநலப் பிரிவுள்ள அரசு மருத்துவமனை இதைச் செய்யுமானால் அங்கேயே சேருங்கள். கட்டில் பழசாக இருக்கலாம், மருந்து அதேதான்.

அதற்குப் பிறகு 90 நாள் தங்கித்தான் ஆக வேண்டுமா? வீட்டில் குடிக்கிற இன்னொருவர் இருந்தாலோ, ஏற்கெனவே வெளிநோயாளியாக முயன்று தோற்றிருந்தாலோ தங்குவது நல்லது. இல்லையென்றால் வாரம் ஒருமுறை ஆலோசனைக்குப் போய்வருவதிலேயே பலர் தேறுகிறார்கள். தங்குவதாக முடிவெடுத்தால், மையம் தரும் தாளைப் பாருங்கள். ‘90 நாள், மொத்தம் இவ்வளவு’ என்று ஒரே வரி இருந்தால் பிரித்துக் கேளுங்கள்: மருத்துவர் வாரத்துக்கு எத்தனை முறை வருவார், தனி ஆலோசனை எத்தனை மணி நேரம், மருந்தும் ரத்தப் பரிசோதனையும் இதில் சேர்த்தியா? பத்தாம் நாள் தம்பி கிளம்பிவிட்டால் மீதிப் பணம் திரும்ப வருமா என்பதை எழுதி வாங்குங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகான மாதங்களில்தான் பலர் மீண்டும் வழுக்குகிறார்கள். குடிக்கும் வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு. கல்லீரல், சிறுநீரகம் பார்த்து மருத்துவர் தருவார். காப்புரிமை முடிந்தவை என்பதால் ஜெனரிக்கிலும், அதாவது வேறு கம்பெனிகள் செய்யும் அதே மருந்தாகவும் கிடைக்கும். ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும் என்று வைத்து ஒதுக்குங்கள். (சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்கும் பொடிகளுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்திருந்தால், அதன்மேல் குடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகிவிடும்.) குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும், 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களுக்குக் கட்டணமே கிடையாது.

காப்பீடு இருந்தால் பாலிசியின் விலக்குப் பட்டியலை முதலில் படியுங்கள். போதைச் சிகிச்சைக்குப் பணம் தராத பாலிசிகள் பல. தரும் பாலிசியென்றால் உள்நோயாளிக்கு மட்டுமா, முன் அனுமதி வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். நோய்க் குறியீட்டையும் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மது தொடர்பானவை எஃப்10 என்று தொடங்கும். குடியை மறைத்து விண்ணப்பிப்பது மட்டும் வேண்டாம். பழைய மருத்துவச் சீட்டு ஒன்று போதும், கோரிக்கை அடிபட்டுப் போகும்.

கடன் வாங்கியே தீர வேண்டுமென்றால் அந்த முதல் வாரத்துக்கும் ஆறு மாத மருந்து, ஆலோசனைக்கும் கணக்குப் போட்டு அந்த அளவுக்கு வாங்குங்கள். பணத்தைத் தம்பி கையில் தராமல் கவுன்டரில் நீங்களே கட்டுங்கள். ரசீது மட்டும் அவர் பெயரில் இருக்கட்டும், காப்பீட்டுக்குக் கேட்பார்கள்.